அசல் நோட்டு, பச்சைத் தேள்

எங்கள் டுராங்கோ ஊரில்
விடிந்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை:
ஷூவைக் கவிழ்த்துக் கொட்டுவது.
நாம் கொட்டாவிட்டால்
அது கொட்டும்.

அம்மாவுக்கு ஆணிக்கடை.
கொக்கி, குழாய், பெயின்ட், தாழ்ப்பாள்.
கல்லாப்பெட்டி அருகே ஓர் ஊதா விளக்கு.
இருநூறு பேசோ நோட்டை அடியில் நீட்டினால்
ஒளிந்திருந்த கோடுகள் எழுந்து மின்னும்.
"அசல்" என்பாள்.
மின்னாத நோட்டு திரும்பிப் போகும்.
நீட்டியவர் முழிப்பார்,
தேள் கொட்டிய திருடனைப்போல.

ஜூன் மாதம், புழுக்கம், கரண்ட் இல்லை.
பேட்டரியில் எரிந்த அந்த விளக்கை
எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.
குழாய்க் குவியலுக்குப் பின்னால், சுவரில்,
பச்சை!
மாங்காய்ப் பச்சை இல்லை, கிளிப் பச்சை இல்லை,
பச்சை நெருப்பில் வார்த்ததுபோல்
வால் சுருட்டி நின்றது ஒரு தேள்.

"நெரெய்தா, தள்ளு!" என்று
ஷூவைக் கழற்றினான் அண்ணன் ஃபிடென்சியோ.
அவனுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு.
போன வருஷம் கொட்டு வாங்கி
உதடு மரத்து, எச்சில் வழிந்து,
தொண்டையில் முடி சிக்கியதுபோல் செருமினான்.
ஆஸ்பத்திரியில் போட்ட விஷமுறிவு ஊசி
குதிரை ரத்தத்திலிருந்து செய்தது என்று தெரிந்ததும்
ஒரு வாரம் கனைத்துக்கொண்டு திரிந்தான்.

"பெரிய கிடுக்கியைப் பார்த்து ஏமாறாதே" என்றாள் அம்மா.
கை பெருத்த தேள் கையையே நம்பும்.
கை மெலிந்ததற்கு
பெரும்பாலும் கொடுக்கில்தான் பலம்.
இதன் கை தீக்குச்சி.
இருவரையும் நாலடி பின்னால் தள்ளிவிட்டு
நீள இடுக்கியால் தூக்கி
ஊறுகாய் ஜாடிக்குள் இறக்கினாள்.
சுவரேறும் கில்லாடி,
வழவழக் கண்ணாடியில் சறுக்கிச் சறுக்கி விழுந்தது.

அப்போதுதான் பார்த்தேன் அதன் முதுகை.
அரிசி அரிசியாய்,
ஒன்றின்மேல் ஒன்று ஏறி,
வெள்ளைக் குட்டிகள்! இருபத்தேழு எண்ணினேன்
(ஒன்று நகர்ந்துகொண்டே இருந்தது, இருபத்தெட்டாகவும் இருக்கலாம்).
தேள் முட்டையிடுவதில்லை, குட்டி போடும்.
பிறந்ததும் அவை ஏறுகிற முதல் மலை
அம்மா.

விளக்கைக் கிட்டே பிடித்தேன்.
தாய் பச்சை. குட்டிகளோ
மங்கல். மின்னவே மாட்டேன் என்கின்றன.
"அத்தனையும் கள்ள நோட்டு!" என்றான் ஃபிடென்சியோ.
எனக்கு அழுகை வந்தது,
ஏன் என்று தெரியவில்லை.

ஜாடிக்குள் ஒரு கரப்பான்பூச்சி போட்டோம்.
தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
கண் பல உண்டு, பார்வை மங்கல்.
காலடியில் தரை அதிர்ந்ததும்
திரும்பாமலே திசை தெரிந்துகொண்டது.
மென்று விழுங்கவும் தெரியாது அதற்கு:
இரையைக் கூழாக்கி
உறிஞ்சிக் குடிக்கும், நிதானமாக.
ஒரு வேளைக் கூழில்
மாதக்கணக்கில் தாங்கும்.
ஃபிடென்சியோவோ அதற்குள் இரண்டு முறை
அடுக்களைக்குப் போய்வந்தான்.

ஒன்பதாம் இரவு.
ஜாடி முழுக்கச் சின்னச் சின்னச் சட்டைகள்,
கழற்றிப் போட்டவை.
புதுத் தோல் இறுகிய குட்டிகள்
முதுகிலிருந்து ஒவ்வொன்றாய் இறங்கின.
விளக்கைப் போட்டேன்.

பச்சை.
பச்சை, பச்சை, அதோ அங்கே பச்சை,
வால் தூக்கத் தெரியாமல் தூக்கிய ஒரு பச்சை!

தூக்கக் கலக்கத்தில் வந்த அம்மா
ஜாடிக்குள் குனிந்து பார்த்து,
கல்லாவில் சொல்வதைப்போலவே சொன்னாள்:
"அசல்."

ஞாயிறன்று ஊருக்கு வெளியே,
பாறைக்காட்டில் ஜாடியைக் கவிழ்த்தோம்.
டைனோசர் பிறப்பதற்கு வெகுமுன்பே
பூமியில் நடந்த கால்கள்
எங்களைக் கண்டுகொள்ளாமல்
கல்லுக்கடியில் போய்விட்டன.

ஆனாலும் ஒன்று:
இருட்டில் ஒளிகிற பிராணிக்கு
மின்னுகிற தோல் எதற்கு?
ஆராய்ச்சி செய்பவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்,
யாருக்கும் இன்னும் உறுதியில்லை.
அம்மாவின் கடன் நோட்டில்,
பெயின்ட் வாங்கிப் போன தொன் அகாபீத்தோ பெயருக்குக் கீழே
எழுதி வைத்திருக்கிறேன்:

தேள். ஒரு 'ஏன்'.
பாக்கி.